‘அந்தோ’ என்று அச்சிட்ட ரசீது

பாக் நீரிணைப் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாள்களில் தொழிலுக்குப் போய், மறுநாள் விடியற்காலையில் கரை சேர்வது வழக்கம். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, பொழுது விடிவதற்கு முன்பே, மண்டபத்துக்கு அருகே மீனை எடை போட்டு ஏலம் விடும் ஒரு சங்கத்தின் கணக்கர் என்னைத் தொலைபேசியில் எழுப்பினார். “தம்பி, மிசினு ஒப்பாரி வைக்குது, ஒரு எட்டு வந்து பாருங்க” என்றார். போய்ப் பார்த்தபோது, எடைமேடை ரசீதில் படகின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அந்தோ’ என்று அச்சாகியிருந்தது. புனித அந்தோணியாரின் பெயரைத் தாங்கிய படகுகள் இந்தக் கரையில் நிறைய உண்டு. ‘அந்தோணியார்’ என்ற பெயரின் பின்பாதியை விழுங்கிவிட்டு, முன்பாதியை மட்டும் இரங்கற்பாவின் முதல் சொல்லைப் போல இயந்திரம் துப்பிக்கொண்டிருந்தது. இறால் நன்றாகப் பட்ட மகிழ்ச்சியோடு கரையேறிய சம்மாட்டி, அதாவது படகு உரிமையாளர், ஒருவர், ‘அந்தோ, இறால் 12 கிலோ’ என்ற சீட்டை நீட்டி, செத்தது இறாலா படகா என்று என்னைக் கேட்டார்.

தவறு என்னுடையது. முந்தைய வாரம்தான் ரசீதில் வரும் படகுப் பெயர்கள் அனைத்தையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றியிருந்தேன். எடைமேடையின் சிறு கணினியில் ஓடும் நிரல், எனக்கு முன்னால் யாரோ சி மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போனது. அச்சுப்பொறிக்குத் தமிழ் தெரியாது என்பதால், பெயரைப் படமாக வரைந்து அனுப்பும்படி அதில் நான் சேர்த்திருந்தேன். ஆனால் பெயருக்காக அவர் ஒதுக்கியிருந்த இடம் 16 பைட் (பைட் என்பது கணினி நினைவகத்தை அளக்கும் சிறு அலகு) என்பதை நான் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தில் இந்தப் பெயருக்குப் பத்து எழுத்து, பத்து பைட், இடம் தாராளம். தமிழிலோ, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். சி மொழியில் ஒரு சரம், அதாவது எழுத்துத் தொடர், சுழி பைட் ஒன்றோடுதான் முடிய வேண்டும் என்பதால், 16இல் ஒன்று அதற்குப் போக மிஞ்சுவது 15. அதை மூன்றால் வகுத்தால் ஐந்து. அ, ந, புள்ளி, த, ஓகாரக் குறி என ஐந்தும் தீர்ந்தன. பெயரும் அங்கேயே தீர்ந்தது.

இதில் ஒரு தற்செயலும் இருந்தது. 15 என்பது மூன்றின் மடங்கு ஆதலால் வெட்டு சரியாக ஒரு குறியின் ஓரத்தில் விழுந்தது. அதனால் பிழையான சொல்கூட முழுச் சொல்லைப் போலவே தோன்றியது. வேறு அளவாக இருந்து குறியின் நடுவே வெட்டுப்பட்டிருந்தால், சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அடையாளம் ஒன்று வந்து, கோளாறு என்று முதல் ரசீதிலேயே தெரிந்திருக்கும். அவசரத்தில் நான் செய்த முதல் திருத்தம் நிலைமையை இன்னும் கெடுத்தது. நகலெடுக்கும் இடத்தில் ‘ஸ்ட்ரென்காப்பி’ என்ற கட்டளையை இட்டு, எல்லை 16 என்று கொடுத்தேன். மூலச்சரம் எல்லையைவிட நீளமாக இருந்தால் அந்தக் கட்டளை முடிவுச் சுழியை வைக்காது என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். விடியற்காலை நாலரை மணிக்கு நினைவுக்கு வரவில்லை. நிரல் சுழியைத் தேடிக்கொண்டு நினைவகத்தின் அடுத்த அறைக்குள் புகுந்து, அங்கிருந்த எடையையும் பெயரோடு சேர்த்து அச்சிட்டது. ‘எஸ்என்-பிரிண்ட்எஃப்’ கட்டளை எல்லைக்குள் சுழியைக் கட்டாயம் வைக்கும் என்பதால் பிறகு அதற்கு மாறினேன், இடத்தையும் விரித்தேன். இப்போது 30 எழுத்துப் பெயருக்கு 200 பைட் ஒதுக்குகிறேன். பெரும்பாலான உயிர்மெய்க்கு ஆறு பைட் ஆகும். ‘ஸ்ரீ’க்குப் பன்னிரண்டு ஆகும். நினைவக இடம் இன்று மலிவு, வரிசையில் நிற்பவர்களின் பொறுமை மலிவு அன்று.

இடத்தை விரிப்பதற்கு முன், அன்றைய சீட்டுகளைப் புரட்டியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தோணியார் என்ற பெயரில் சங்கத்தில் 9 படகுகள். ஆறின் சீட்டில் ‘அந்தோ’ என்றும், மூன்றின் சீட்டில் ‘அந்தே’ என்றும் இருந்தது. ஒரே பெயர், ஒரே நிரல், ஒரே வெட்டு. விளைவு மட்டும் வேறு. திரையில் ஒன்பதும் ஒன்றுபோலவே தெரிந்தன. உண்மையில் மூன்று படகுகளின் பெயரில் ஓகாரக் குறி ஒரே குறியாக இல்லாமல், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பிரிந்து கிடந்தது. ஐந்தாவது குறியில் வெட்டு விழுந்ததும் கால் உதிர்ந்து கொம்பு மட்டும் நின்றது. வெட்டுப்பட்ட ரசீது மட்டும் வந்திராவிட்டால் இந்தப் பிளவு எனக்கு எப்போது தெரிந்திருக்கும் என்று சொல்ல இயலாது.

பிளவின் மூலத்தைத் தேடிப் போனால் அதுவும் என் கைவேலைதான். சங்கத்தின் பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தமிழ் என்பது வெறும் தோற்றம். கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள். சிறிய எம் என்றால் அ, சிறிய ஈ என்றால் ந, அரைப்புள்ளி என்றால் புள்ளி, பெரிய என் என்றால் ஏகாரக் கொம்பு, ஜே என்றால் த, எச் என்றால் கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே விசைகளும் அமையும் என்பதால் ‘தோ’ என்பது கொம்பு, த, கால் என்று மூன்றாக இருக்கும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் மெய்யெழுத்து முதலில், அதன் உயிர்க்குறி பிறகு என்பது விதி. நான் எழுதிய மாற்றி, கொம்பைத் தூக்கித் தகரத்துக்குப் பின்னால் வைத்தது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே ஓகாரக் குறியாக ஆக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டது. எழுத்துருக்கள் இரண்டையும் ஒன்றாகவே வரைந்து காட்டுவதால் ஓராண்டுக்கு மேல் எவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தேடல் பெட்டியில் ‘அந்தோணியார்’ என்று அடித்தால் ஆறு படகுகள்தான் வந்தன. மற்ற மூன்றும் பதிவாகவில்லை என்று எண்ணி, அவற்றில் ஒன்றை எழுத்தர் மறுபடியும் பதிவு செய்திருந்தார். அந்தப் படகின் கணக்கு இரண்டு பெயர்களில் பிரிந்து கிடந்தது.

இந்த இரண்டு வடிவங்களும் சமமானவை என்று யூனிகோட் தரமே வகுத்திருக்கிறது. அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறைக்கு நார்மலைசேஷன் என்று பெயர். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளிலும், தனி ‘ஔ’விலும் இந்தச் சிக்கல் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஒவ்வொரு சரத்துக்கும் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை கையோடு இருக்கிறது. பைத்தானில் ‘யூனிகோட்-டேட்டா’ என்ற தொகுப்பிலும், ஜாவாவில் ‘நார்மலைசர்’ என்ற வகுப்பிலும் இருக்கிறது. பிஎச்பி-யில் அதற்கான நீட்சியை நிறுவிக்கொள்ள வேண்டும். கோ, ரஸ்ட் மொழிகளில் தனித் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். ஸ்விஃப்ட் மட்டும் வேறு வழியில் போகிறது: அதில் இரண்டு சரங்களை ஒப்பிட்டாலே இந்தச் சமன்பாட்டைக் கருத்தில் கொண்டுதான் விடை வரும். நான் இப்போது பின்பற்றும் வழக்கம், தகவல் உள்ளே வரும் வாசலிலேயே, அதாவது படிவத்திலிருந்தோ கோப்பிலிருந்தோ வாங்கிய உடனேயே, சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடுவதும், உள்ளே எங்கும் மறுபடி அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பதும்தான். தேடும் சொல்லையும் அவ்வாறே மாற்ற வேண்டும். பட்டியலைச் சீராக்கிவிட்டுத் தேடும் சொல்லை அப்படியே விட்டு ஒரு வாரம் அல்லாடியவன் நான்.

நார்மலைஸ் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. தட்டச்சுப் பழக்கத்தில் காலுக்குப் பதிலாக ரகரத்தை அடித்துவிடுவது நம் ஊரில் சாதாரணம். மாரியூர் என்பதில் இரண்டாவதாக இருப்பது 3006 என்ற எண்ணுள்ள காலா, 2992 என்ற எண்ணுள்ள ரகரமா என்பதைச் சில எழுத்துருக்களில் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாக அடித்து வைப்பதும் அப்படியே. இவை வேறு வேறு எழுத்துகள் ஆதலால் எந்த நிரல்மொழியும் இவற்றைச் சமமாகக் கருதாது; கருதவும் கூடாது. இவற்றுக்கென்று ஊர்ப்பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் எழுத்தரைக் கேட்கும்படி செய்ததுதான் எனக்குப் பயன்பட்டது.

இனி, ‘அந்தோணியார்’ எத்தனை எழுத்து என்ற கேள்விக்கு வருகிறேன். எடைமேடைக்கு வெளியே மணலில் அமர்ந்து மீன் விற்கும் பெண்கள் சூடையைக் கூறு கட்டி விற்பார்கள். உள்ளே வியாபாரி அதே சூடையைக் கிலோவில் வாங்குவார். லாரிக்காரருக்கு அது பெட்டிக் கணக்கு. மூவரும் சொல்லும் எண் வேறு, மீன் ஒன்றே. நிரல்மொழிகளும் அப்படித்தான். தமிழ் படித்த எவரும் அ, ந், தோ, ணி, யா, ர் என்று எண்ணி ஆறு என்பார்கள். பைத்தானின் ‘லென்’ 11 என்று சொல்லும். புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனிக் குறிகளாக எண்ணுவதால் வரும் கணக்கு அது. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 11 என்றே சொல்கின்றன, ஆனால் அவை எண்ணுவது இரண்டு பைட் கொண்ட யுடிஎஃப்-16 அலகுகளை. தமிழுக்கு இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுவதால் வேறுபாடு வெளியே தெரிவதில்லை. கோ, ரஸ்ட், சி ஆகியவையும் பிஎச்பி-யின் சாதாரண ‘ஸ்ட்ர்லென்’னும் பைட்டை எண்ணி 33 என்கின்றன. பிஎச்பி-யில் ‘எம்பி’ என்று தொடங்கும் கட்டளை 11 என்றும், ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் கட்டளை ஆறு என்றும் சொல்லும். ஸ்விஃப்டும் எலிக்சரும் எதையும் கூடுதலாகக் கேட்காமலே ஆறு என்று சொல்கின்றன. பிளவுபட்ட அந்த மூன்று படகுகளுக்கோ 11 என்பது 12 ஆகவும், 33 என்பது 36 ஆகவும் மாறும். ஆறு மட்டும் மாறாது.

மொழியைக் குறை சொல்லிப் பயனில்லை. இடம் ஒதுக்குபவனுக்குப் பைட் கணக்கு வேண்டும்; திரையில் சுருக்கிக் காட்டுபவனுக்கு எழுத்துக் கணக்கு வேண்டும். கைப்பேசித் திரையில் பெயரை முதல் நான்கு அலகுகளோடு நிறுத்தி மூன்று புள்ளி வைக்கும்படி நான் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியிருந்த பகுதி, ஒன்பது படகுகளையும் ‘அந்த…’ என்று காட்டியது. “எந்த?” என்று கேட்காதவர் இல்லை. அதே மொழியில் ‘இன்ட்ல்’ என்ற தொகுதியில் உள்ள ‘செக்மென்டர்’ தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதிலும் ஒரு குறை உண்டு: நாம் ஒரே எழுத்தாகக் கருதும் ‘க்ஷ’வை அது க், ஷ என்று இரண்டாகவே எண்ணும். மீன் பெயரில் க்ஷ வருவதில்லை. ஆள் பெயரில் லக்ஷ்மி வருகிறாள்.

எழுத்தை எண்ணிவிட்டால் அகலத்தை அறிந்துவிட்டோம் என்று கொள்ளவும் இயலாது. ரசீதில் பெயர் ஒரு பத்தி, எடை ஒரு பத்தி என்று நேராக நிறுத்துவதற்காக, பெயரின் நீளத்தை எண்ணி மிச்சத்துக்கு இடைவெளி நிரப்பும் பழைய உத்தியைக் கையாண்டேன். சி மொழியில் அது பைட்டை எண்ணியது. பைத்தானில் குறிகளை எண்ணியது. எழுத்துகளையே எண்ணிப் பார்த்தபோதும் பத்தி கோணலாகத்தான் நின்றது. ணகரமும் ரகரமும் தாளில் ஒரே அகலம் அல்ல. கடைசியில், வரைந்த படத்தின் அகலத்தைப் புள்ளிக் கணக்கில் அளந்து, எடை தொடங்கும் இடத்தை நிலையாகக் குறித்தபோதுதான் பத்தி நேரானது.

அதிகம் பணம் விழுங்கிய பாடம் குறுஞ்செய்தியில் வந்தது. ஏலம் முடிந்ததும் சம்மாட்டிக்குச் செய்தி போக வேண்டும் என்பது சங்கத்தின் விருப்பம். ஒரு குறுஞ்செய்திக்கு உள்ள இடம் 140 பைட்; ஆங்கிலத்துக்கு ஏழு பிட் முறையில் 160 எழுத்து கொள்ளும்; தமிழுக்கு அலகு ஒன்றுக்கு இரண்டு பைட் ஆவதால் 70 அலகுதான். அதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை இணைப்பதற்கான குறிப்பும் இடம் பிடிப்பதால் துண்டு ஒன்றுக்கு 67 அலகே கிடைக்கும். நாங்கள் எழுதி வைத்த வாசகம் இது: ‘வணக்கம் சம்மாட்டி அவர்களே அந்தோணியார் படகு: இறால் 12 கிலோ, ஏலம் ரூ.5400. நன்றி.’ இடைவெளிகளையும் சேர்த்துக் கையால் எண்ணினால் 57 எழுத்து. எழுபதுக்குள் அடங்கிவிட்டது என்று நானும் கணக்கரும் மகிழ்ந்தோம். அலகுக் கணக்கில் அது 79. மாதக் கடைசியில் ஒவ்வொரு செய்திக்கும் இரட்டைக் கட்டணம் வந்து நின்றது.

முன்னால் உள்ள விளிப்பை எடுத்துவிட்டால் 53 அலகு ஆகிவிடும் என்று சொன்னேன். கணக்கர் ஒப்பவில்லை. “வணக்கம் சொல்லாமக் கணக்குச் சொன்னா, கடன் கேட்க வந்த மாதிரி இருக்கும் தம்பி” என்றார். ‘வணக்கம்’ என்பதை மட்டும் முற்றுப்புள்ளியும் இடைவெளியுமாக வைத்தால் ஒன்பது அலகு, மொத்தம் 62. மரியாதையும் நின்றது, செய்தியும் ஒன்றுக்குள் நின்றது. அந்த நிரல் கோ மொழியில் இருந்ததால் அதன் ‘லென்’ தந்த பைட் கணக்கை நம்பாமல், சரத்தை யுடிஎஃப்-16 அலகுகளாக மாற்றி எண்ணி, எழுபதைத் தாண்டினால் அனுப்பாமல் எச்சரிக்கும்படி செய்திருக்கிறேன். குறிகளை மட்டும் எண்ணினால் போதாதா என்று கேட்கலாம். ஓர் இளைஞர் தன் படகின் பெயருக்குப் பக்கத்தில் கைப்பேசியிலிருந்து மீன் படம் ஒன்றைச் சேர்த்துவிட்டார். அந்தப் படக்குறி குறிக்கணக்கில் ஒன்று, யுடிஎஃப்-16இல் இரண்டு, பைட்டில் நான்கு. அதே மீன் தரவுத்தளத்தையும் மறிக்கப் பார்த்தது. நாங்கள் பயன்படுத்திய மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ‘யுடிஎஃப்8’ என்ற பெயரில் நெடுங்காலம் வழங்கிய வகை மூன்று பைட் வரைதான் ஏற்கும். தமிழ் அதில் சிக்கலின்றி அடங்குவதால் நமக்குச் சந்தேகமே எழாது. நான்கு பைட் கொள்ளும் ‘எம்பி4’ வகைக்கு மாற்றிய பிறகுதான் அந்தப் படகைப் பதிய முடிந்தது.

வரிசைப்படுத்துவதில் நேர்ந்த தொல்லை சத்தமில்லாதது. ஊர்ப்பட்டியலைப் பைத்தானின் இயல்பான வரிசையில் அடுக்கி அச்சிட்டுக் கொடுத்தேன். கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கன்னிராஜபுரம் எப்படிக் கமுதிக்கு முன்னால் வந்தது என்று கேட்டார். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்த இடத்தில், பகரத்துக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். அதனால்தான் பனைக்குளமும் பரமக்குடியை முந்திக்கொண்டது. புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களைவிடப் பெரியது என்பதால் மெய்யெழுத்து உயிர்மெய்களுக்குப் பின்னால் தள்ளப்பட்டு, முத்துப்பேட்டைக்கு முன்னால் முதுகுளத்தூர் வந்தது. அகராதி வரிசையில் முத்துப்பேட்டைதான் முதலில் வர வேண்டும். உலாவியில் தமிழுக்கென்று கேட்டு, வரிசைப்படுத்தும் கருவியான ‘கொலேட்டர்’ கொண்டு அடுக்கினால் இவை எல்லாம் முறைப்படி அமைகின்றன. பைத்தானில் ஐசியு என்னும் நூலகத்தை நிறுவிக்கொள்ளலாம்; நான் மெய் பதினெட்டையும் நெடுங்கணக்குப்படி ஓர் அட்டவணையாக எழுதி, புள்ளியை அகரத்துக்கு முன்னால் நிறுத்தி, அதைச் சாவியாகக் கொடுத்துவிட்டேன். நாற்பது வரிக்குள் முடிந்துவிட்டது.

பைத்தானைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் இது பலரை ஏமாற்றுகிறது. செய்திகளில் எந்த மீன் எத்தனை முறை வருகிறது என்று அறிய, எழுத்து அமைப்புகளைத் தேடித்தரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுப்பில் ‘சொல்லெழுத்து’ என்று பொருள்படும் டபிள்யூ குறியைக் கொண்டு சொற்களைப் பிரித்தேன். இறால் என்ற சொல்லே விடையில் இல்லை. ‘இற’ என்றும் ‘ல’ என்றும் இரண்டு துண்டுகள் இருந்தன. உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாக அந்தத் தொகுப்பு கருதுவதில்லை. ‘ரெகெக்ஸ்’ என்ற பெயரில் தனியாக நிறுவும் தொகுப்பு கருதுகிறது. ஜாவாஸ்கிரிப்டின் அதே குறி ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழி எழுத்து எதையும் ஏற்காது. அங்கே எழுத்து வகையோடு குறி வகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ ஆகியவற்றில் சரம் மாறாதது. ஓரத்து இடைவெளியை நீக்கும் கட்டளையை இட்டுவிட்டு விடையை வாங்கிக்கொள்ளாமல் போனால், பழைய சரம் இடைவெளியோடு அப்படியே இருக்கும். ஜாவாவில் இரட்டைச் சமக்குறி போட்டுப் பெயர்களை ஒப்பிட்டால், நிரலுக்குள்ளேயே எழுதிய சொற்களுக்குச் சரியாக வேலை செய்து நம்ப வைத்துவிட்டு, கோப்பிலிருந்து படித்த பெயரிடம் கைவிட்டுவிடும். ‘ஈக்வல்ஸ்’ என்றுதான் கேட்க வேண்டும். யுடிஎஃப்-8இல் சேமித்த பட்டியலை எக்செல் வேறு முறையில் திறந்துவிட்டால், வட்டத்துக்குள் ஆர் எழுதிய வணிகக் குறி வரி முழுவதும் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்தால் பதற வேண்டியதில்லை, தரவு கெடவில்லை. தமிழின் முதல் இரண்டு பைட்டுகளைத் தனித்தனி எழுத்தாகப் படித்ததன் விளைவு அது. அந்தத் தோற்றத்திலேயே சேமித்துவிடாமல் மூடினால் போதும்.

வங்கிக் கணக்கு எண் எண் அல்ல, சரம் என்பதை மட்டும் சற்று அழுத்திச் சொல்கிறேன். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சுழியாக்கிவிடும், முன்னால் உள்ள சுழிகளையும் உதிர்த்துவிடும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களுக்கு உரிய நிவாரணப் பட்டியலைத் தயாரித்தபோது, பல கணக்கு எண்கள் சுழியில் முடிவதைக் கண்டு கணக்கர்தான் ஐயப்பட்டார். கூட்டவோ பெருக்கவோ தேவைப்படாத எதையும் நான் இப்போது எண்ணாக வைப்பதில்லை. படகுப் பதிவெண்ணும் அப்படித்தான். சுழிக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’வை அடித்து வைத்த பதிவெண்களைத் திருத்துவதற்கே ஒரு மாலைப் பொழுது போயிற்று.

கீழக்கரையில் ஒரு கடைக்கு ரசீது அமைத்தபோது, பெயரை அரபு எழுத்திலும் போட வேண்டும் என்றார்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அர்வி வழங்கிய கரை ஆதலால் அந்த விருப்பத்தில் வியப்பில்லை. வலமிருந்து இடமாகத் தெரியும் பெயரைச் சரத்தில் தலைகீழாக அடுக்க வேண்டும் என்று எண்ணி முதலில் திருப்பிப் போட்டேன், அது தவறு. சரத்தில் ஒலிக்கும் வரிசையிலேயே இருக்க வேண்டும், திசையை வரைபவன் பார்த்துக்கொள்வான். பாமினியின் கொம்பு எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்.

சென்ற தடைக்காலத்தில் எடைமேடையின் சி நிரலை ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதினேன். படகுகள் கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதம்தான் எடைமேடையைத் தொட முடியும். பழைய அச்சு அமைப்புக்காக 16 பைட்டில் வெட்டும் வரி ஒன்று கவனக்குறைவாகப் புதிய நிரலிலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ரஸ்ட் மொழி, குறியின் நடுவே வெட்டச் சொன்னால் வெட்டாது, நிரலையே நிறுத்திவிடும். ஐந்து குறிகள் 15 பைட்டில் முடிகின்றன, பதினாறாவது பைட் ணகரத்தின் உள்ளே இருக்கிறது. தடை முடிந்து படகுகள் முதன்முறையாகக் கரை திரும்பிய விடியற்காலையில், முதல் அந்தோணியார் எடைமேடைக்கு வந்ததும் நிரல் நின்றது, ரசீதும் வரவில்லை. குறிகளின் ஓரத்தைக் கேட்டறிந்து அதற்குள் வெட்டும்படி அந்த வரியை மாற்ற எனக்கு இருபது நிமிடம் பிடித்தது. பொய்ச் சீட்டு தருவதைவிடச் சீட்டே தராமல் நிற்பது நல்லது என்று விசைப்பலகையிலிருந்து தலை நிமிராமல் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். வெளியே பெட்டிகளில் ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தது. கணக்கர் கையால் சீட்டு எழுதிக்கொண்டே சொன்னார்: “இதுக்கு அந்த ‘அந்தோ’வே தேவலை தம்பி.”